ஒரு உதாரணம் சொல்லுங்க

சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஊரே விசிறிக்கொண்டிருக்கிற வெயிலில் கழுத்தைச் சுற்றிக் கம்பளி மப்ளரோடு ஒருவர் தெருவில் நடந்து வந்தால், தெரியாதவர்கள் ஒதுங்கி வழிவிடுவார்கள். தெரிந்தவர்கள், குளிர்க் கிடங்கில் ஷிப்ட் முடிந்துவிட்டது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொள்வார்கள். அப்படி ஒட்டிக்கொண்ட பெயர்தான் மப்ளர். பெற்றவர்கள் வைத்த பெயர் அடையாள அட்டையில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிடத்தான் ஆள் இல்லை.

கிடங்கு என்றால் பெரிய மாளிகை இல்லை. தகரம் வேய்ந்த நீளக் கட்டடம், அதற்குள் இரண்டு அறை. முன் அறை சும்மா சில்லென்று இருக்கும். உள் அறைதான் எமன். மீனும் இறைச்சியும் பட்டாணியும் பெட்டி பெட்டியாகக் கல் மாதிரி உறைந்து கிடக்கும். அதற்குள் போனவன் மீசையில் அவன் மூச்சே வெள்ளையாகப் படியும். அதனால் ஒரு சட்டம். உள்ளே ஒருவர், கதவில் ஒருவர். உள்ளே இருப்பவர் பெட்டிகளை வண்டியில் ஏற்றித் தள்ளிக்கொண்டு வருவார். கதவில் நிற்பவர் ஒவ்வொரு பெட்டியையும் ஸ்கேனரால் பார்த்து, எண்ணைத் தட்டி, வெளியே அனுப்புவார். கொஞ்ச நேரம் போனதும் இவர் அவராகி, அவர் இவராக வேண்டும். கிடங்கில் இதற்குச் சோடி என்று பெயர்.

மப்ளரின் சோடி அவருடைய தங்கை புருஷன். தங்கையைக் கட்டிக்கொடுத்த கையோடு மாப்பிள்ளையை மேனேஜர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அதே கிடங்கில் சேர்த்துவிட்டதும் மப்ளர்தான். மாப்பிள்ளை வாய்க்காரர். மப்ளருக்கு வாய் கிடையாது. ஒருவர் பேச ஒருவர் கேட்க, சோடி நன்றாகவே ஓடியது.

இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு கோளாறு வந்தது. மாப்பிள்ளைக்கு நெஞ்சு. ஒரு தடவை காய்ச்சலில் படுத்து எழுந்தவருக்கு உள் அறைக்குள் கால் வைத்ததும் மூச்சுக்குழாய் விசில் அடிக்க ஆரம்பித்தது. உதடு நீலம் பாரித்துவிடும். வெளியே வந்து உட்கார்ந்தால் சரியாகிவிடும். உள்ளே போனால் மறுபடியும் விசில். மப்ளருக்கு விரல். உள் அறைக் கதவின் தாழ்ப்பாள் பனியில் இறுகிவிட்டது என்று ஒரு நாள் கையுறையைக் கழற்றிவிட்டு வெறும் கையால் இழுத்தார். தோல் இரும்போடு போய்விட்டது. தோல் வளர்ந்தது, உணர்ச்சி வளரவில்லை. வலது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் அன்றிலிருந்து மரக்கட்டைதான். பெட்டி தூக்கலாம், வண்டி தள்ளலாம். சட்டைப் பொத்தான் போட முடியாது. ஸ்கேனரில் கடுகு கடுகாக இருக்கிற பட்டனை அழுத்த முடியாது. உள்ளே போகும்போது போடுகிற கனத்த கோட்டின் ஜிப்பைப் பிடித்து மேலே இழுக்க முடியாது.

இதில் ஒன்றையும் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவு செய்யவில்லை. தானாகவே அப்படி ஆகிவிட்டது. மாப்பிள்ளை முறை வரும்போதும் மப்ளரே உள்ளே போனார். போகுமுன் வாசலில் நின்று கழுத்தைத் தூக்கிக் காட்டுவார். மாப்பிள்ளை ஜிப்பை மேலே இழுத்துவிட்டு, மார்பில் ஒரு தட்டு தட்டி அனுப்புவார். ஸ்கேனர் முழுக்க மாப்பிள்ளை பொறுப்பு. வருஷக்கணக்காக ஒரு தப்பு கிடையாது, ஒரு புகார் கிடையாது.

"ரெண்டு அரை ஆளைச் சேர்த்து ஆண்டவன் ஒரு முழு ஆள் பண்ணியிருக்கான் மச்சான். இது வெளிய தெரிஞ்சா நாம ரெண்டு பேரும் கால் ஆள்" என்பார் மாப்பிள்ளை.

வெளியே தெரியவில்லை. தங்கைக்குக்கூட மூச்சு விஷயம் அரைகுறையாகத்தான் தெரியும்.

அப்படியிருக்க, கிடங்கு கைமாறியது. புதிதாக வாங்கிய கம்பெனி பெரிய கம்பெனி. வந்ததும் ஒரு நோட்டீஸ் ஒட்டியது. பழைய ஆட்கள் எல்லோரும் நேர்காணலுக்கு வரவேண்டும், தகுதி உள்ளவர்கள் தொடரலாம் என்று. எல்லோரையும் வைத்துக்கொள்ள மாட்டார்கள், பாதிப் பேர்தான் என்று அதற்குள் பேச்சு பரவிவிட்டது. வருஷக்கணக்காகக் குடியிருந்த வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, உள்ளே வரலாமா என்று கேட்கிற மாதிரிதான். கேட்டுத்தான் ஆகவேண்டும். மப்ளர் வயதில் இன்னொரு இடத்தில் போய் நின்றால் ஏற இறங்கப் பார்ப்பார்கள். அதிலும் அந்த விரலை வைத்துக்கொண்டு. மாப்பிள்ளைக்கோ பள்ளிக்கூடத்தில் படிக்கிற பிள்ளைகள் இரண்டு.

கிடங்கில் ரேடியோ என்று ஒருவர் உண்டு. எந்தச் சேதியும் அவர் வாயில்தான் முதலில் ஒலிபரப்பாகும். அவர்தான் உடை மாற்றும் அறையில் வந்து அந்தக் குண்டைப் போட்டார். இந்தக் கம்பெனி எடுத்துக்கொண்ட இன்னொரு கிடங்கில் தன் சகலை வேலை பார்ப்பதாகவும், அங்கே எல்லோரையும் உட்காரவைத்து, உங்கள் பலவீனம் என்ன என்று கேட்டார்களாம் என்றும் சொன்னார்.



"பலவீனமா? டாக்டர் கேட்டா சொல்லலாம். இவன் யாரு கேக்க?" என்றார் மாப்பிள்ளை.

"உன் சகலை என்னத்த சொன்னாராம்?" என்று ஒருவர் கேட்டார்.

"பொண்டாட்டின்னானாம். வீட்டுக்கு அனுப்பிட்டாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துவிட்டுத் தரையைப் பார்த்தார்கள்.

கேள்வியைப் பாருங்கள். என்ன தெரியும் என்று கேட்டால் செய்து காட்டலாம். எவ்வளவு தூக்குவாய் என்றால் தூக்கிக் காட்டலாம். உன்னிடம் எது ஓட்டை என்று கேட்டால் என்ன செய்வது? உண்மையைச் சொன்னால் ஓட்டைப் பாத்திரம் வேண்டாம் என்பான். ஓட்டையே இல்லை என்றால் பொய்க்காரன் என்பான். அடிக்கிற கம்பை அடி வாங்குகிறவன் கையிலேயே கொடுத்து, நீயே அடித்துக்கொள், நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று சொல்கிற கேள்வி அது.

மப்ளரின் மகளுக்கு அந்தக் கேள்வி அத்துப்படி. படித்து முடித்துவிட்டு அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தவள். இஸ்திரி போட்ட ஒரே நல்ல சட்டையைக் கதவுக்குப் பின்னால் மாட்டிவைத்திருப்பாள். கூப்பிட்டால் மாட்டிக்கொண்டு போவாள், வந்ததும் கழற்றி மறுபடியும் மாட்டுவாள். எந்தக் கேள்விக்கு எப்படிப் பதில் சொல்லவேண்டும் என்று அவளுக்குத் தெரியாதது இல்லை. வேலைதான் கிடைக்கவில்லை.

அன்று சாயங்காலம் அப்பாவை எதிரில் உட்காரவைத்துப் பாடம் நடத்தினாள். "உண்மையான பலவீனத்தைச் சொல்லவே கூடாதுப்பா. ஒரு நல்ல குணத்தை எடுத்துக்கணும். அதுக்கு அழுக்குச் சட்டை போட்டுவிடணும். அவ்வளவுதான்."

"புரியல."

"உங்க வேலையையே எடுத்துக்குங்க. அடுத்தவங்க வேலையையும் சேர்த்து நீங்களே செய்றீங்கல்ல? அதைப் பலவீனம் மாதிரி சொல்லுங்க. எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கிட்டு செய்வேன், அதான் சார் என் பலவீனம்னு."

"அது எப்படிடா கண்ணு பலவீனமாகும்?"

"ஆகாது. அவங்களுக்கும் தெரியும். இருந்தாலும் அப்படித்தான் சொல்லணும்."

அடுப்படியில் இருந்து மப்ளரின் மனைவி எட்டிப் பார்த்து, "அவங்களுக்கும் தெரியும், இவருக்கும் தெரியும்னா எதுக்குடி கேக்கணும்?" என்றாள்.

மப்ளர் அந்த வாக்கியத்தைக் கண்ணாடி முன் நின்று சொல்லிச் சொல்லிப் பார்த்தார். முதலில் சண்டைக்குப் போகிறவர் மாதிரி வந்தது. அப்புறம் அழுகிறவர் மாதிரி வந்தது. கடைசியில் ஒரு மாதிரியாகப் படிந்துவிட்டது.

இங்கேதான் அவர் ஒரு காரியம் செய்தார். கிடங்கு ஆட்களைத் தவிர வேறு யாரும் அதைச் செய்திருக்க மாட்டார்கள். அங்கே ஒருவனிடம் காய்ந்த கையுறை இருந்தால் எல்லோருக்கும் கொடுத்து வாங்குகிற பழக்கம். பதிலையும் அதேபோல் நினைத்துவிட்டார். முதலில் மாப்பிள்ளையிடம் சொன்னார். மாப்பிள்ளை ரேடியோவிடம் சொன்னார். ரேடியோவிடம் சொன்ன பிறகு தனியாக யாரிடமும் சொல்லவேண்டியதில்லை. மொத்த ஷிப்டும் அதை மனப்பாடம் செய்தது. உடை மாற்றும் அறையில் ஒருவர் கேட்க, ஒருவர் ஒப்பிக்க, ஒரே சிரிப்பு.

நேர்காணலுக்கு முந்தைய நாள் மாப்பிள்ளை ஜிப்பை இழுத்துவிட்டபோது கொஞ்சம் நிறுத்தினார். "மச்சான், இருந்தா ரெண்டு பேரும் இருப்போம். போனா ரெண்டு பேரும் போவோம். நம்ம சோடியைப் பிரிச்சா ரெண்டு பேருக்குமே பொழப்பில்ல, தெரியும்ல?"

"தெரியும் மாப்ள."

"உன் விரலைப் பத்தி நான் வாயத் தொறக்க மாட்டேன்."

"உன் நெஞ்சைப் பத்தி நான் ஏன் பேசப்போறேன்" என்றார் மப்ளர். அப்படித்தான் நினைத்தும் இருந்தார். அதைச் சொல்லாமல் விட்டால் அவருக்கு அநியாயம் செய்ததாகும்.

நேர்காணல் மாடியில் நடந்தது. வாசலில் வரிசையாக நாற்காலி. உள்ளே போனவர்கள் அந்த வழியாகத் திரும்பி வரவில்லை. பின்பக்கப் படிக்கட்டில் இறக்கி அனுப்பினார்கள். அதனால் உள்ளே என்ன நடந்தது என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிய வழியில்லை. மாப்பிள்ளை எழுந்து போகும்போது மப்ளரைத் திரும்பிப் பார்த்துக் கண்ணடித்துவிட்டுப் போனார். கடைசி ஆளாக மப்ளரைக் கூப்பிட்டார்கள்.

மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒரு அம்மா. பக்கத்தில் கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டே இருந்த ஒரு ஆள். அந்த அம்மா நல்ல மாதிரி. உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், எத்தனை வருஷம் என்று கேட்டார், வீட்டில் யார் யார் என்று கேட்டார். அப்புறம் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

மப்ளர் நிமிர்ந்து உட்கார்ந்து ஒப்பித்தார். "எல்லா வேலையையும் நானே இழுத்துப் போட்டுக்கிட்டு செய்வேன் மேடம். அதான் என் பலவீனம்."

தட்டிக்கொண்டிருந்தவர் தட்டுவதை நிறுத்திவிட்டுச் சிரித்தார். அந்த அம்மாவும் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"காலையிலிருந்து வர்றவங்க எல்லாரும் இழுத்துப் போட்டுக்கிட்டு செய்றவங்களாவே இருக்கீங்க. அப்ப இந்தக் கிடங்குல வேலை செய்யாம இருந்தவர் யாருதான் சார்?"

மப்ளருக்குக் காது சூடானது. கழுத்தில் இருந்த மப்ளரை அவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அவர் அதை வெளி ஆட்கள் முன்னால் அவிழ்த்ததே கிடையாது.

"சரி, பரவாயில்ல. எல்லார்கிட்டயும் கேட்டேன், உங்ககிட்டயும் கேக்கறேன். ஒரு உதாரணம் சொல்லுங்க. அடுத்தவர் வேலையை நீங்க எப்ப இழுத்துப் போட்டுக்கிட்டு செஞ்சீங்க?"

மகள் இதைச் சொல்லித் தரவில்லை. மப்ளர் யோசித்தார். ஏசி உறுமிக்கொண்டிருந்தது. அவருக்குப் பொய் சட்டென்று வராது. சட்டென்று என்ன, சாவகாசமாகவும் வராது. தன் வாழ்க்கையில் அடுத்தவன் வேலையைச் செய்த கதை அவரிடம் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது உண்மைக் கதை. அந்த அம்மா மறுபடியும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தார். கம்ப்யூட்டர் முன்னால் இருந்த ஆளின் உதட்டில் சிரிப்பு இன்னும் மிச்சம் இருந்தது. நம்பவில்லை என்று அந்தச் சிரிப்பு சொன்னது. மற்றவர்கள் எல்லோரும் ஒப்பித்துவிட்டுப் போயிருக்கலாம், நான் நிஜமாகவே செய்தவன் என்று மப்ளருக்கு ரோஷம் வந்தது.

சொன்னார். தன் சோடிக்கு உள் அறைக் குளிர் ஒத்துக்கொள்ளாது, மூச்சு இரைக்கும், உதடு நீலமாகிவிடும், அதனால் அவர் முறைக்கும் தானே உள்ளே போகிறேன், இன்று நேற்றில்லை, வருஷக்கணக்காக, ஒரு நாள்கூட முகம் சுளித்தது கிடையாது என்றார். பேச வராதவருக்கு அன்றைக்கு அருவியாகக் கொட்டியது. ஆயுசில் யாரும் அவரைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை கேட்டது கிடையாது. முதல் தடவையாகக் கேட்கிறார்கள். சொல்லச் சொல்ல நெஞ்சு விம்மியது. தன் விரல் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. ஜிப்பை யார் இழுத்துவிடுகிறார்கள் என்று சொல்லவில்லை. ஸ்கேனரை யார் தட்டுகிறார்கள் என்று சொல்லவில்லை. அது கதைக்கு வேண்டியிருக்கவில்லை.

"ரொம்பப் பெரிய மனசு சார் உங்களுக்கு" என்றார் அந்த அம்மா. நிஜமாகவேதான் சொன்னார். "அவர் யாரு?"

"என் தங்கச்சி புருஷன்தான் மேடம். இப்ப எனக்கு முன்னாடி வந்துட்டுப் போனாரே."

கம்ப்யூட்டரில் டக்டக்கென்று சத்தம் கேட்டது.

பின்பக்கப் படிக்கட்டில் பாதி இறங்கிய பிறகுதான் அந்தச் சத்தம் அவர் மண்டைக்குள் ஏறியது. கால் அப்படியே நின்றுவிட்டது. தன் பலவீனம் என்ன என்று கேட்டார்கள். அடுத்தவன் பலவீனத்தைச் சொல்லிவிட்டு வந்துவிட்டார். திரும்பி மேலே ஓடினார். கதவருகில் நின்ற காவலாளி கையை நீட்டித் தடுத்தார்.

"முடிஞ்சவங்க திரும்ப உள்ள போகக்கூடாதுங்க."

"ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்துடறேன்."

"என்ன வார்த்தை?"

மப்ளர் யோசித்தார். நான் சொன்னது பொய் என்றால் பொய்க்காரன் என்று தன் வேலை போகும். பொய் இல்லை என்றால் மாப்பிள்ளை வேலை போகும். சொல்லவேண்டிய ஒரு வார்த்தை எது என்று அந்தப் படியில் நின்று எவ்வளவு நேரம் தேடினாலும் கிடைக்கவில்லை. மப்ளரைச் சுற்றிக்கொண்டு இறங்கிவிட்டார். கிடைக்கவில்லை என்று அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தேடியது கொஞ்ச நேரம்தான்.

கீழே டீக்கடையில் மாப்பிள்ளை அவருக்கும் சேர்த்து டீ சொல்லிவிட்டுக் காத்திருந்தார். எப்படிப் போனது என்று கேட்டார். மப்ளர் ம் என்றார். மப்ளர் எப்போதும் ம் என்பவர்தான். மாப்பிள்ளைக்கு அதில் வித்தியாசம் ஒன்றும் தெரியவில்லை.

அடுத்த வாரமே மாப்பிள்ளையை ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மொத்த ஷிப்டில் அவரை மட்டும். ஒரு குழாயை வாயில் வைத்து ஊதச் சொன்னார்களாம். ஊதினார். ஊதியதும் முடிந்துவிட்டது. இந்த வேலைக்கு உடல்தகுதி போதாது, வருத்தம் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். மப்ளருக்கு வேலை உறுதியானது.

தங்கை அண்ணன் வீட்டுக்கு வந்து அழுதாள். "எல்லாரையும் விட்டுட்டு இவரை மட்டும் ஏண்ணா ஊதச் சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"மூஞ்சியைப் பார்த்தே கண்டுபிடிப்பானுங்கம்மா" என்றார் மப்ளர்.

அவள் நம்பினாள். மூக்கைச் சிந்திவிட்டு, "உனக்காவது கிடைச்சுதே, அது போதும்ணா" என்றாள். அடித்திருந்தால்கூட அவருக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அவள் போன பிறகு மகள் வந்து எதிரில் உட்கார்ந்தாள்.

"அப்பா, உதாரணம் கேட்டாங்களா?"

"ம்."

"என்ன சொன்னீங்க?"

மப்ளர் வலது கையை மடியில் வைத்து அந்த இரண்டு விரலையும் இடது கையால் தேய்த்துக்கொண்டிருந்தார். தேய்ப்பது இடது கைக்குத் தெரிந்தது, விரலுக்குத் தெரியவில்லை. மகள் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். அப்புறம் எழுந்து போய், கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த தன் சட்டையை எடுத்து, சுருக்கமே இல்லாத சட்டைக்கு மறுபடியும் இஸ்திரி போட்டாள்.

புதுக் கம்பெனியில் மப்ளருக்குப் புதுச் சோடி. கெட்டவர் இல்லை. சட்டப்படி நடப்பவர். தன் முறை வந்தால் கடிகாரத்தைப் பார்த்து உள்ளே போவார், முடிந்ததும் கடிகாரத்தைப் பார்த்து வெளியே வருவார். அப்போது மப்ளர் கதவில் நின்று ஸ்கேனரைத் தட்டவேண்டும். மூன்றைத் தொட்டால் ஆறு விழுந்தது. இடது கையால் தட்டிப் பார்த்தார், வேகம் வரவில்லை. விரல் முட்டியால் அழுத்திப் பார்த்தார், பென்சிலைக் குத்திப் பார்த்தார். பட்டாணி எல்லாம் மீன் கணக்கில் போய்ச் சேர்ந்தது. கடைசியில் அவரே சோடியிடம், "உங்க முறைக்கும் நானே உள்ள போறேன், நீங்க இதையே பார்த்துக்குங்க" என்று கேட்டுக்கொள்ளும்படி ஆனது. சோடிக்குக் கசக்குமா? சூப்பர்வைசர் அதைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டினார். "உங்களைப் பத்தித்தான் மேல இருந்தே சொல்லியிருக்காங்களே, எல்லாத்தையும் இழுத்துப் போட்டுக்கிட்டு செய்வீங்கன்னு." அப்புறம் வேறு சோடியில் ஆள் வராத நாட்களிலும் மப்ளரைத்தான் உள்ளே அனுப்பினார்கள்.

கோட்டு ஜிப்பில் ஒரு சாவி வளையத்தைக் கோத்துக்கொண்டார். சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று, அதைப் பல்லால் கடித்து இழுப்பார். பாதியில் நின்றால் பாதியோடு உள்ளே போவார்.

மாப்பிள்ளை சும்மா இருக்கவில்லை. அங்கே இங்கே விசாரித்ததில் ஒரு பெரிய துணிக்கடையில் வாசல் காவலுக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று தெரிந்தது. அங்கேயும் நேர்காணல்தானாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மப்ளர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த நேரத்தில், பழைய சிரிப்போடு வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"டீச்சரம்மா, மாமாவுக்கும் ரெண்டு கேள்வி சொல்லிக்கொடு. போன தடவை உங்கப்பன் மூலமா வந்த சரக்கு. இந்தத் தடவை நேரா கடையிலயே வாங்கிக்கறேன்."

மகள் மறுத்துப் பார்த்தாள். அவர் விடவில்லை. எதிரில் உட்கார்ந்தாள். பெயர், வயது, முன் அனுபவம் எல்லாம் கேட்டாள். மாப்பிள்ளை ஒவ்வொன்றுக்கும் கேலியாகப் பதில் சொன்னார். மப்ளர் ஓரமாக நின்று செருப்பைத் தேடினார். செருப்பு காலில் இருந்தது.

"உங்க பலவீனம் என்ன?" என்று அவள் கேட்டுவிட்டாள். வரிசையில் அதுதான் அடுத்த கேள்வி.

"அதை விடும்மா, அது எனக்கு மனப்பாடம். அதுக்குப் பின்னாடி வருது பாரு ஒண்ணு, ஒரு உதாரணம் சொல்லுங்கன்னு. அதுலதான் அன்னிக்குத் திணறிட்டேன்." மாப்பிள்ளை மப்ளர் பக்கம் திரும்பினார். "அடுத்தவர் வேலையை எப்ப செஞ்சீங்கன்னு கேக்குது அந்தம்மா. என் நாக்கு நுனியில வந்து நின்னுது மச்சான், உன் ஜிப்புக் கதை. எவ்வளவு அழகான உதாரணம். என் சோடிக்கு விரல் வராது, ஸ்கேனர் முழுக்க நான்தான் பார்க்கறேன், கோட்டுகூட நான்தான் போட்டுவிடறேன்னு சொல்லியிருந்தா அந்தம்மா அழுதிருக்கும். வாயைத் தொறந்துட்டேன். இருமற மாதிரி இருமி முழுங்கிட்டேன்."

"அப்புறம் என்ன சொன்னீங்க மாமா?" என்றாள் மகள்.

"என்னத்தச் சொல்ல. ஒண்ணும் தோணலங்க மேடம்னு சொன்னேன். உதாரணம் இல்லன்னா எப்படி நம்பறதுன்னு கேட்டுச்சு. நம்பாதீங்கன்னுட்டேன்." அவர் சிரித்தார். சிரிப்பில் பாதி இருமலாகப் போனது. "நீ என்ன உதாரணம் சொன்ன மச்சான்? உனக்குப் பேசவே வராதே. உன்னையும் கேட்டிருப்பாங்கல்ல?"

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது. மகள் அப்பாவைப் பார்த்தாள். சொல்லிவிடுங்கள் என்றா, சொல்லவேண்டாம் என்றா, எதற்காகப் பார்த்தாள் என்று மப்ளருக்குத் தெரியவில்லை. பொய் வராத மனிதருக்கு அன்றைக்குத் தங்குதடையில்லாமல் வந்தது.

"முன் அறையில ஒரு தடவை தண்ணிக் குழாய் உடைஞ்சுது பாரு. தரை முழுக்க நானே துடைச்சேன்னு சொன்னேன்."

"குழாயா? எப்ப?" என்று மாப்பிள்ளை நெற்றியைச் சுருக்கினார். அவருக்கு நினைவு வராதது நியாயம். அப்படி ஒரு குழாய் உடையவே இல்லை.

"அடுத்த கேள்விக்குப் போலாமா மாமா?" என்றாள் மகள்.

"போலாம், போலாம். குழாய்க் கதை நல்லாத்தான் இருக்கு. நானும் அதையே சொல்லிடறேன். துணிக்கடையில யாருக்குத் தெரியப்போகுது."

மப்ளர் வேலைக்கு நேரமாகிவிட்டது என்று முணுமுணுத்துக்கொண்டு வாசலுக்குப் போனார். கழுத்தில் மப்ளரைச் சுற்றினார். சட்டைக்கு மேல் போடுகிற கம்பளிச் சட்டையின் பொத்தான்கள் திறந்து கிடந்தன. வீட்டில் அதை மனைவி போட்டுவிடுவாள். அவள் அடுப்படியை விட்டு வரவில்லை. அப்படியே கிளம்பினார்.

"இருய்யா, எங்க ஓடற?" என்று மாப்பிள்ளை எழுந்து வந்தார். கேள்வி கேட்டுக்கொண்டிருந்தவளைக் கொஞ்சம் பொறு என்று கையைக் காட்டிவிட்டு, மப்ளர் முன்னால் வந்து நின்று, கீழே இருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டே வந்தார். மேல் பொத்தானுக்கு வந்தபோது மப்ளர் பழக்கதோஷத்தில் கழுத்தைத் தூக்கிக் கொடுத்தார். மாப்பிள்ளை அதையும் போட்டார். மார்பில் ஒரு தட்டு தட்டினார்.

"புதுசா வந்தவன் ஒழுங்கா போட்டுவிடறானா?"

"ம்" என்றார் மப்ளர்.